மருந்தியல் வினாத்தாள் எழுதுவோருக்கு: வகைப்படுத்தச் சொன்னது போதும், ஒரு கணக்குக் கேளுங்கள்

நர்சிங் கல்லூரிகளில் மருந்தியல் நடத்துகிற, வினாத்தாள் எழுதுகிற, விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர்கள். சிலர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஒரு வடிவில் தேர்வுதோறும் வந்துவிடும் கேள்வி இது: 'டையூரெடிக் (சிறுநீரை அதிகம் பிரியவைக்கும்) மருந்துகளை வகைப்படுத்துக. ஃபியூரோசமைடு வேலை செய்யும் விதம், பக்கவிளைவுகள், செவிலியரின் பொறுப்புகள் ஆகியவற்றை எழுதுக.' பிள்ளைகள் அருமையாக எழுதுகிறார்கள். கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, சிறுநீரகத்தில் மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று காட்டி, பொட்டாசியம் குறையும், காது கேட்பது பாதிக்கப்படலாம் என்று வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். நாமும் பத்துக்கு எட்டுப் போடுகிறோம். அதே பிள்ளையை வார்டில் நிறுத்தி, 'ஃபியூரோசமைடு 60 மி.கி. ஐ.வி. ஸ்டாட்' (நரம்பு ஊசியாக, உடனே) என்று எழுதிய கேஸ் ஷீட்டையும் 2 மி.லி. ஆம்பியூலையும் (உடைத்து எடுக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) கையில் கொடுத்துப் பாருங்கள். ஆம்பியூலில் '1 மி.லி.யில் 10 மி.கி.' என்று இருக்கும். மூன்று ஆம்பியூல் உடைக்க வேண்டும், 6 மி.லி. வரும், அவசரப்படாமல் மெதுவாகப் போட வேண்டும். இதைச் சொல்ல அந்தப் பிள்ளை திணறும். பக்கத்தில் நிற்கும் சீனியரின் முகத்தைப் பார்க்கும். சீனியர் சொன்னபடி செய்துவிடும். சீனியர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்யும்.

டோஸ் கணக்கு பாடத்திட்டத்திலேயே இல்லை என்று நான் சொல்லவில்லை. நர்சிங் ஃபவுண்டேஷன் பாடத்தில் மருந்து கொடுக்கும் முறைகளோடு அதுவும் இருக்கிறது. 2021-ல் வந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டத்தில் மருந்தியலுக்கு மூன்றாம் செமஸ்டரில் 20 மணி நேரம், நான்காம் செமஸ்டரில் 60 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேத்தாலஜி, ஜெனிடிக்ஸோடு சேர்த்து ஒரே தாள். எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். நாம் வகைப்படுத்தச் சொல்கிறோம், அவர்கள் வகைப்படுத்தக் கற்றுக்கொள்கிறார்கள். இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. உண்மையான மருந்து லேபிளை முன்னால் வைத்துக் கேட்கும் கணக்குத் தேர்வு தனியாக வேண்டும். அதில் தேர்ச்சி என்றால் முழு மதிப்பெண். அதைத் தாண்டாமல் எந்த மாணவியும் எந்த மாணவனும் வார்டில் ஊசியைத் தொடக் கூடாது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பீர்கள். இன்சுலினிலிருந்து சொல்கிறேன்.

உலகில் பல நாடுகள் 1 மி.லி.க்கு 100 யூனிட் என்ற ஒரே அளவுக்கு மாறிவிட்டன. நம் நாட்டில் 40 யூனிட் வயலும் (ரப்பர் மூடி மருந்துக் குப்பி) புழக்கத்தில் இருக்கிறது, 100 யூனிட்டும் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100-க்கு. மருந்துப் பெட்டியில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கும். மூடியைக் கழற்றிப் போட்டபின் எது எது என்று பார்க்க, சிரிஞ்சின் உடம்பில் உள்ள பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். பென் ஊசியும் அதற்குள் போடும் மருந்துக் குழலான கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் 100 யூனிட் அளவில் வருகிறவை. பென்னுக்கு ஊசி முனை தீர்ந்துவிட்டால், அவசரத்துக்குக் கார்ட்ரிட்ஜிலிருந்தே சிரிஞ்சில் இழுக்கும் பழக்கம் பல வார்டுகளில் உண்டு. கையில் அகப்பட்டது சிவப்பு மூடி என்று வையுங்கள். 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மி.லி. வரும். அரை மி.லி.யில் 50 யூனிட். டாக்டர் எழுதிய 20 யூனிட்டைப் போல இரண்டரை மடங்கு. நோயாளி இரவில் வியர்த்துக் கிடப்பார். தூங்குகிறார் என்று நினைத்து எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். இதையே தலைகீழாகச் செய்தால், அதாவது 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மறுநாள் டோஸைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டிய டோஸைச் சரியான சிரிஞ்சில் ஒருவர் போடும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'இன்சுலின் வகைகளை எழுதுக' என்று ஆயிரம் முறை கேட்டாலும் இந்தத் தப்பை அது தடுக்காது. வெளிநாட்டு ஆசிரியர் எழுதிய புத்தகத்திலும் இதைத் தேட முடியாது, ஏனென்றால் அவர் ஊரில் இந்தச் சிக்கல் இல்லை. நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் வயல் இன்னொன்று. 5 மி.லி. வயலிலேயே 25,000 யூனிட்டும் உண்டு, 5,000 யூனிட்டும் உண்டு. முதலாவதில் 1 மி.லி.க்கு 5,000. இரண்டாவதில் 1 மி.லி.க்கு 1,000. '5000' என்ற எண்ணை மட்டும் கண் பிடித்துக்கொண்டால், வயல் முழுவதற்கும் 5,000-ஆ, ஒரு மி.லி.க்கு 5,000-ஆ என்ற வித்தியாசம் மறைந்துவிடும். ஐந்து மடங்கு கூடவோ குறையவோ போகும்.

குழந்தைகள் வார்டில் பாரசிட்டமால். சாதாரண மருந்து, வீட்டிலேயே கொடுப்பது என்று அலட்சியம். 10 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 150 மி.கி. இதுவே 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி., 250 மி.கி. சிரப்பில் 3 மி.லி., 1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. 'ஆறு மி.லி. குடுங்கம்மா' என்று தாயிடம் சொல்லிவிட்டு நாம் போய்விடுவோம். அந்தத் தாய் வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. நான்கு மடங்கு. டிஸ்சார்ஜ் நேரத்தில் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, கையில் வாங்கிப் படித்து, அளவு மூடியில் கோட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் மருந்தியல்தான். இதற்கு எந்த வினாத்தாளில் மதிப்பெண் இருக்கிறது?

சதவீதமும் விகிதமும் பிள்ளைகளைப் பயமுறுத்துகின்றன. 50 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 50 கிராம், ஆக 1 மி.லி.யில் 500 மி.கி. ஆயிரத்தில் ஒன்று என்றால் 1,000 மி.லி.யில் 1 கிராம், ஆக 1 மி.லி.யில் 1 மி.கி. இவ்வளவுதான் விஷயம், ஒரு மணி நேரத்தில் புரியவைத்துவிடலாம். ஆனால் இது புரியாமல் வெளியே போகும் பிள்ளைக்கு எங்கே வேலை கிடைக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பிரசவத்துக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். வலிப்போடு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவருகிறார்கள். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டாக வேண்டும். நரம்பில் 4 கிராம், 20 சதவீதக் கரைசலாக. கையில் இருப்பது 2 மி.லி.யில் 1 கிராம் உள்ள 50 சதவீத ஆம்பியூல். நான்கு ஆம்பியூல், அதாவது 8 மி.லி. மருந்து, அதோடு 12 மி.லி. சலைன், மொத்தம் 20 மி.லி., மெதுவாக. பிறகு இரண்டு பிட்டத்திலும் தலா 5 கிராம், இது 50 சதவீதத்திலேயே, ஆழமாக. அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் உதறுவது) இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். மக்னீசியம் மிஞ்சினால் அதை முறிக்கும் கால்சியம் குளுகோனேட் 10 மி.லி. ஆம்பியூல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வாசலில் சொந்தக்காரர்கள் கத்திக்கொண்டிருக்க, ஆம்புலன்ஸ் இன்னும் வராத நேரத்தில் இந்தக் கணக்கை முதன்முறையாக யாரும் போடக் கூடாது. கல்லூரியிலேயே கை பழகியிருக்க வேண்டும்.

மருந்து வேலை செய்யும் விதத்தைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தெரியாத நர்சுக்குக் கணக்கும் உதவாது. கேட்கும் முறையை மாற்றுங்கள் என்கிறேன். மேலே சொன்ன ஃபியூரோசமைடையே எடுத்துக்கொள்வோம். அது பொட்டாசியத்தைச் சிறுநீரோடு இழுத்துப் போகும். இரண்டு நாளில் பொட்டாசியம் குறைந்து, டாக்டர் பொட்டாசியம் குளோரைடு எழுதுகிறார். 10 மி.லி. ஆம்பியூல், 15 சதவீதம், அதற்குள் 20 மில்லி ஈக்விவலன்ட் (உடம்பின் உப்புகளை அளக்கும் அலகு). நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5-லிருந்து 5 மில்லி ஈக்விவலன்ட்டுக்குள் இருந்தால்தான் இதயத் தசை ஒழுங்காகச் சுருங்கி விரியும் என்பது முதலாண்டு உடலியல் பாடம். இதெல்லாம் மூன்று தாள்களில் சிதறிக் கிடக்கிறது, யாரும் சேர்த்துக் கேட்பதில்லை. 'இந்த ஆம்பியூலை 500 மி.லி. சலைனில் சேர்த்தபின் பாட்டிலை ஏன் பலமுறை தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் சேர்த்துவிட்டு அப்படியே விட்டால், மருந்து கனத்து அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களில் மொத்தமாக உள்ளே போய்விடும். இதை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மருந்தியலும் தெரியும், வார்டும் தெரியும். (அடர் பொட்டாசியத்தைப் பொது வார்டுகளிலிருந்தே அகற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே பரிந்துரைத்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பியூலுக்குப் பக்கத்திலேயே அது கிடக்கும் டிரேக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.)

'அரை ஆயுள் (உடம்பில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) என்றால் என்ன?' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: 'ஜென்டாமைசின் (ஓர் ஆன்டிபயாடிக்) போடும் நோயாளிக்கு நேற்றிலிருந்து சிறுநீர் குறைந்திருக்கிறது. அடுத்த டோஸ் நேரம் வந்துவிட்டது. என்ன செய்வாய், ஏன்?' இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் மந்தமானால் உடம்பிலேயே தேங்கும், தேங்கினால் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஆகவே டோஸை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரை ஆயுளும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

அடுத்து, மருந்து கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை என்று நாம் எல்லோரும் பாராயணம் செய்யவைக்கும் அந்த 'சரி'கள். ஐந்தாக இருந்து இப்போது பத்தாகிவிட்டன. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். சரியான நோயாளி என்று எப்படி உறுதி செய்வாய் என்று கேட்டால், 'பேரைக் கேட்போம் மேடம்' என்பார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், முன்னால் ஒரு எழுத்து. ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று முருகன் இருப்பது அதிசயம் இல்லை. அரைத் தூக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் போய் 'நீங்கதான லட்சுமி?' என்றால், டாக்டரம்மா கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து 'ஆமா தாயி' என்றுதான் சொல்வார். காது கேட்காதவர்களும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். 'பாட்டி, உங்க பேரு என்ன? உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?' என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 'சரியான நோயாளி' என்பது போய்ச் சேர வேண்டிய இடம். போகும் வழியையும் வகுப்பிலேயே நடத்திக் காட்ட வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. எழுதவே தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெரிசலான வார்டில் காலை ஊசி நேரம். ஒருவர் உட்கார்ந்து எல்லா ஊசியையும் லோடு செய்து டிரேயில் அடுக்கிவிடுவார். சிரிஞ்சில் பேர் இருக்காது, மருந்தின் பேரும் இருக்காது. அதிகம் போனால் பிளாஸ்டரில் பெட் நம்பர் ஒட்டியிருக்கும். அந்த டிரேயைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையாகப் போடுவது போஸ்டிங்குக்கு (வார்டுப் பயிற்சிக்கு) வந்த மாணவி. எதைப் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எட்டாம் பெட் நோயாளியை நேற்று இரவு பன்னிரண்டாம் பெட்டுக்கு மாற்றியிருந்தால் அதுவும் தெரியாது. நிறமில்லாத திரவம் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எல்லாம் முடிந்தபின் மருந்துச் சீட்டில் மொத்தமாகக் கையெழுத்து. ஒரு நர்சுக்கு ஒரு வார்டு என்று விட்டால் வேறு எப்படிச் செய்ய முடியும் என்று கேட்கும் சிஸ்டர்களின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆள் பற்றாக்குறையை இந்த மடலால் தீர்க்க முடியாது. ஆனால், தான் இழுக்காத மருந்தைத் தான் போடக் கூடாது, போட்டபின்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்ற இரண்டை நாம் மாணவிக்குச் சொல்லிக்கொடுத்து, அதன்படி அவள் நடந்தால் கல்லூரி அவள் பக்கம் நிற்கும் என்ற உறுதியைக் கொடுக்க முடியும்.

அந்த உறுதி இன்று இல்லை. கேள்வி கேட்கிற பிள்ளைக்கு 'பெரிய படிப்பு படிச்சிட்டா' என்று பட்டம். டாக்டர் போனில் சொன்ன டோஸைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தால் 'ஒரு தடவை சொன்னா புரியாதா?' தப்பு நடந்துவிட்டது என்று தானாக வந்து சொன்ன மாணவியை மன்னிப்புக் கடிதம் எழுதவைத்து, பெற்றோரை வரவழைத்த கல்லூரி ஒன்றை எனக்குத் தெரியும். பேர் வேண்டாம். அதற்குப் பிறகு அந்த பேட்ச்சில் யாரும் எதையும் வந்து சொல்லவில்லை. தப்பு நின்றுவிட்டது என்று நிர்வாகம் மகிழ்ந்திருக்கும்.

பாதகமான மருந்து விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் நம் நாட்டில் 2010-லிருந்து இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துக் குறியீட்டு ஆணையம் அதை நடத்துகிறது. அதன் படிவத்தை நர்சே பூர்த்தி செய்து அனுப்பலாம், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லவும் செய்யலாம். டாக்டர்தான் அனுப்ப வேண்டும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு படிவத்தை வகுப்பில் நிரப்பவைத்தால் தீர்ந்தது.

முழு மதிப்பெண் என்பது கொடுமை, பாதிப் பேர் ஃபெயிலாகிவிடுவார்கள் என்று ஒரு தோழி சொன்னார். பிரிட்டன் நர்சிங் கவுன்சிலின் 2018 தரநிலைகளின்படி அங்கே படிப்பை முடிக்கும் மாணவர்கள் மருந்துக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தாக வேண்டும். நம் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் கணினித் தேர்விலும் கணக்குப் பகுதி தனியாக இருக்கிறது. நம் பிள்ளைகள் பணம் கட்டிக் கோச்சிங் போய் அதைப் படித்து எழுதித் தேறத்தான் செய்கிறார்கள். அந்த ஊர் நோயாளிக்காகப் படிக்கிற கணக்கை நம் ஊர் நோயாளிக்காக நாம் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஃபெயில் என்ற சொல்லையே எடுத்துவிடலாம். பத்துக் கணக்கு, கால்குலேட்டர் அனுமதி, நேர நெருக்கடி வேண்டாம். ஒன்று தப்பானாலும் மறுவாரம் வேறு பத்துக் கணக்கு. வரும்வரை எழுதட்டும். மதிப்பெண் பட்டியலில் அது ஏற வேண்டியதில்லை. வார்டில் மருந்து கொடுக்க அனுமதிச் சீட்டாக இருந்தால் போதும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்குக் கணக்கைத் தமிழிலேயே விளக்குங்கள். தசமப் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடவும், பின்னால் வெற்றுப் பூஜ்யம் போடாமல் விடவும், யூனிட் என்பதை ஓர் எழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுதவும் அப்போதே பழக்கிவிடுங்கள். ஆங்கிலத்தில் அந்த ஒற்றை எழுத்து பூஜ்யமாகத் தெரிந்து, 10 யூனிட் 100 ஆகிவிடும்.

வரும் இன்டர்னல் தேர்விலேயே தொடங்கிவிடலாம். இதற்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து சுற்றறிக்கை எதுவும் வரவேண்டியதில்லை. போஸ்டிங் போகும் வார்டுகளில் தலைமை நர்சிடம் அனுமதி கேட்டு, காலியான வயல்கள், மருந்து அட்டைகள், சிரப் பாட்டில்கள், இரண்டு நிற மூடி சிரிஞ்சுகளின் பிரிக்காத உறைகள் ஆகியவற்றைச் சேருங்கள். உடைந்த கண்ணாடி ஆம்பியூல் வேண்டாம், லேபிளைப் போட்டோ எடுத்துப் பெரிதாக அச்சிட்டால் போதும். மீதி மருந்து ஒட்டியிருக்கும் வயலைப் பார்மசிஸ்டிடம் காட்டிவிட்டு எடுங்கள். புற்றுநோய் மருந்து வயல்களைத் தொடவே தொடாதீர்கள். ஒரே மருந்தின் இரண்டு மூன்று வலிமைகள் இருக்கும்படி பார்த்து ஒரு பெட்டியில் போட்டு, மாணவியிடம் கேஸ் ஷீட்டைக் கொடுத்து, பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை